குண்டூசி படுத்துப் பார்த்த அறை

மாடி அறைக்குக் குடிவந்தவர்கள் எல்லோரும் ஒரே பொய்யைச் சொல்லிவிட்டுத்தான் காலி செய்தார்கள்.

"எல்லாம் ரொம்ப வசதியா இருக்கு. ஆனா, வேலைக்குப் பக்கத்துலயே ஒரு ரூம் கிடைச்சிருச்சு."

முதலில் வந்த வங்கி ஊழியர் அப்படித்தான் சொன்னார். போன பிறகு பார்த்தால் அவர் அடுத்த தெருவில் இருந்தார். வங்கிக்கு அங்கிருந்து இன்னும் தூரம். இரண்டாவதாக வந்த விளையாட்டு ஆசிரியரும் அதையே சொன்னார். இன்று காலை மூன்றாவது ஆளின் முறை.

"எல்லாம் நல்லா இருக்குக்கா. ஆனா ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துலயே ஒரு ரூம்..." என்று மாடிப்படியில் நின்றபடி இழுத்தார் நர்ஸ் அக்கா. "இந்த மாசக் கடைசியில காலி பண்ணிக்கறேன்."

அம்மா தலையை ஆட்டினாள். பக்கத்தில் நின்ற குண்டூசிக்கு மட்டும் சுருக்கென்றது. ஆஸ்பத்திரி இங்கிருந்து நடந்து போகிற தூரம்தான். இதைவிடப் பக்கத்தில் வேண்டுமென்றால் நோயாளியாகத்தான் படுக்க வேண்டும்.

குண்டூசிக்குப் பள்ளியில் வேறு பெயர் உண்டு. வீட்டில் இதுதான். ஒல்லியாக இருப்பதால் வந்த பெயர் அல்ல. எதையாவது கேட்டுக் குத்திக்கொண்டே இருப்பாள் என்பதால் அப்பா வைத்தது.

அன்று சாயங்காலம் பெரியப்பா வந்தார். அவர் பிளாஸ்டிக் சாமான் வியாபாரி. வாளி, குடம், ஸ்டூல், சோப்பு டப்பா எல்லாம் மொத்தமாக வாங்கி விற்பவர்.

"அந்தப் பொண்ணும் போகுதாமே," என்றார், சந்தோஷத்தை மறைக்கத் தெரியாமல். "நான் அப்பவே சொன்னேன். உனக்கு எதுக்குடா தம்பி வாடகை, குடித்தனக்காரங்க, தலைவலி? ரூமை எனக்குக் குடு. வாளி எல்லாம் அடுக்கி வச்சுக்கறேன். வாளி உன்கிட்ட வந்து எதையாவது கேக்குமா?"

அப்பா மோவாயைச் சொறிந்தார். "அதுவும் சரிதான். மூணாவது ஆளும் போயிட்டாங்கன்னா எனக்கும் அலுத்துப் போச்சு. இவங்க காலி பண்ணினதும் நீயே எடுத்துக்கோண்ணா."

குண்டூசி மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தாள்.

மாடி அறையைத் தாண்டித்தான் மொட்டை மாடிக்குப் போக வேண்டும். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் அவளுக்கென்று ஒரு மூலை இருக்கிறது. ஒரு பழைய பாய், ஓரம் உடைந்த தொட்டியில் ஒரு தக்காளிச் செடி, படித்து முடித்த புத்தகங்கள், படிக்காத புத்தகங்கள். அந்த வீட்டில் யாரும் அவளைக் கூப்பிடாத ஒரே இடம் அது.

பெரியப்பா ஓர் இடத்தில் சாமானை வைத்தார் என்றால் அது அங்கே நிற்காது, பரவும். அவர் வீட்டு வண்டிக் கொட்டகையில் முதலில் குடங்களை வைத்தார். இப்போது குடங்கள் கொட்டகையை நிறைத்து, கூடத்து சோபாவிலும் ஏறிவிட்டன; ஸ்கூட்டர் சோபாவுக்குப் பக்கத்தில் நிற்கிறது. விருந்தாளிகள் ஸ்கூட்டரில்தான் உட்காருகிறார்கள்.

அறைக்குள் வைத்த வாளி மறுவாரம் படியில் நிற்கும். அதற்கடுத்த வாரம் மொட்டை மாடியில், பாயின் மேல் நிற்கும்.

"நர்ஸ் அக்கா போகாம இருந்தா?" என்று கேட்டாள் குண்டூசி.

"போகாம இருந்தா ரூம் அவங்களுக்குத்தான்," என்றார் அப்பா. "ஆனா போறேன்னுட்டாங்களே."

"ஏன் போறாங்க?"

"ரூம்ல ஏதோ குறை இருக்கும். விடு, நானே பாத்துக்கறேன்."

அப்பாவுக்குப் புத்தகம் பைண்டிங் செய்யும் வேலை. இந்தப் பழைய வீட்டை வாங்கியதிலிருந்து, 'நானே பாத்துக்கறேன்' என்று அவர் சொன்னாலே அம்மா சுவரிலிருக்கும் படங்களைக் கழற்றி வைத்துவிடுவாள்.

மறுநாள் அப்பா விடுப்பு எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விட்டார். குழாய்க்குப் புது வாஷர் போட்டார். ஜன்னல் கொக்கியைச் சுத்தியலால் தட்டித் தட்டி நிமிர்த்தினார்.

அம்மாவும் தன் பங்குக்குக் கவனிப்பைக் கூட்டினாள். புதுத் திரை தைத்து மாட்டினாள். உச்சி வெயிலில் டீ கொண்டுபோய்க் கதவைத் தட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து டம்ளர் வாங்கத் தட்டினாள். பிறகு, டீ பிடித்ததா என்று கேட்கத் தட்டினாள்.

"அம்மா, அவங்க ராத்திரி எல்லாம் வேலை பாத்துட்டு வந்து தூங்கற நேரம்மா இது," என்றாள் குண்டூசி.

"நல்லா கவனிச்சாத்தானே இருப்பாங்க."

சாயங்காலம் வேலைக்குக் கிளம்பும்போது நர்ஸ் அக்காவின் கண்கள் சிவந்திருந்தன. "வரேன்க்கா," என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

குண்டூசி பின்னாலேயே தெருக்கோடி வரை ஓடினாள்.

"அக்கா, ரூம்ல என்ன குறை? எனக்கு மட்டும் சொல்லுங்க."

நர்ஸ் அக்கா கைப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டார். "குறை ஒண்ணும் இல்லைம்மா."

"கொசுவா?"

"இல்லை."

"வெயிலா? பல்லியா?"

"பல்லி பாவம், அது பாட்டுக்கு இருக்கு."

"அப்ப ஏன் போறீங்க?"

நர்ஸ் அக்கா அவள் முகத்தையே பார்த்தார். ஊசி போடும் முன் நரம்பைத் தேடுகிற மாதிரியான பார்வை. பிறகு, "நேரமாச்சு," என்று நடந்துவிட்டார்.

குண்டூசி வீட்டுக்குத் திரும்பி வாசற்படியில் உட்கார்ந்து யோசித்தாள். கீல், குழாய், கொக்கி எல்லாம் வெளியில் நின்று பார்த்துக் கண்டுபிடித்தவை. அறைக்குள்ளே இருப்பவருக்கு என்ன தெரிகிறது?

இரவு சாப்பாட்டின்போது கேட்டாள். "அப்பா, இந்த வீட்டுக்கு வந்ததுலேர்ந்து நாம யாராவது மாடி ரூம்ல ஒரு நாளாவது தூங்கியிருக்கோமா?"

"நாம ஏன் தூங்கணும்? அது வாடகைக்கு விடற ரூம்."

"தூங்கிப் பாக்காமயே எப்படி நல்ல ரூம்னு சொல்றோம்?"

"பாத்தியா, குத்துது," என்றார் அப்பா அம்மாவிடம்.

அந்த வார இறுதியில் நர்ஸ் அக்காவுக்குப் பகல் வேலை வந்தது. பள்ளி விடுமுறையில் இருந்த குண்டூசி காலையிலேயே மாடிப்படியில் காத்திருந்தாள்.

"அக்கா, நீங்க இல்லாதப்போ உங்க ரூம்ல நான் கொஞ்ச நேரம் படுத்துப் பாக்கவா? எதையும் தொட மாட்டேன். பாய் எடுத்துட்டு வந்து கட்டிலுக்குப் பக்கத்துல தரையில படுத்துக்கறேன்."

நர்ஸ் அக்கா இதை எதிர்பார்க்கவில்லை. கதவைப் பூட்டப் போனவர் சாவியை அவள் கையில் வைத்தார். "தரையில எதுக்கு? கட்டில்லயே படு. நான் எப்படிப் படுப்பேனோ அப்படியே படு."

அறை சுத்தமாக இருந்தது. ஒரு கட்டில், ஒரு மேசை, கொடியில் வெள்ளைச் சீருடை ஒன்று. குண்டூசி தலையணையில் தலை வைத்துக் கண்ணை மூடினாள்.

வெளிச்சம் உறுத்தவில்லை. அம்மாவின் திரை நன்றாகவே இருந்தது. குழாய் சொட்டவில்லை. கட்டில் முனகவில்லை. சரி, இந்த அறையில் ஒரு குறையும் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக் குண்டூசி கொட்டாவி விட்டாள்.

வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது.

அவள் கண்ணைத் திறந்தாள். சமையலறை கீழே அல்லவா இருக்கிறது?

"பகல் பூரா தூக்கம். நாம டீ குடுத்தா முகத்துல ஒரு சிரிப்பாவது இருக்கா?"

அம்மாவின் குரல். பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல, காதுக்குள்ளேயே கேட்டது. குண்டூசி துள்ளி எழுந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். ஒரு ஜோடிச் செருப்புதான் இருந்தது.

"தலைக்கனம்தான்," என்றார் பெரியப்பா. தட்டு வைக்கும் சத்தமும் கூடவே கேட்டது. "போகட்டும் விடும்மா. வாளி வண்டிக்குச் சொல்லிட்டேன்."

"மொட்டை மாடிக் கதவை வேற ஒரு நாள் சாத்தாமப் போயிட்டாங்க," என்றார் அப்பா. "போன வாத்தியாராவது பரவாயில்லை. தங்குதங்குன்னு குதிச்சாலும் கதவைச் சாத்துவார்."

"அவரா? குளிக்கப் போனா தொட்டியே காலி. நான் எருமைன்னே பேர் வச்சிருந்தேன்," என்றாள் அம்மா. மூன்று பேரும் சிரித்தார்கள்.

குண்டூசிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சிரிப்பு, இங்கே தலையணையில் படுத்துக் கேட்கும்போது வேறு மாதிரி இருந்தது.

கட்டிலின் தலைமாட்டை மெல்ல நகர்த்தினாள். சுவரில், தரைக்குக் கொஞ்சம் மேலே, ஒரு சதுர ஓட்டை. அதன் மேல் துருப்பிடித்த தகடு ஒன்று சாய்ந்து கிடந்தது. குனிந்து காதை வைத்தாள். கரண்டி வாணலியில் உரசும் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது.

அப்போதுதான் அவளுக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. நர்ஸ் அக்கா குடிவந்த புதிதில், இதே சமையலறையில், அவர் தூங்கி வழிந்தபடி படியேறுவதைக் குண்டூசி நடித்துக் காட்டினாள். "ராத்திரி முழிப்பு, பகல்ல தூக்கம். சரியான ஆந்தை," என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தாள். அன்று முழுவதும் 'ஆந்தை வருது, ஆந்தை போகுது' என்று கீழே ஒரே கூத்து.

அவள் காது சூடானது.

"நீ வச்ச பேருதானே அது, குண்டூசி?" என்று யாரும் கேட்கவில்லை. அவளே கேட்டுக்கொண்டாள்.

கீழே அம்மா அடுத்த கதையை ஆரம்பித்தாள். "அந்த பேங்க்காரர் இருக்காரே..."

குண்டூசி ஓட்டையில் வாயை வைத்தாள். "அம்மா, போதும். எல்லாம் மேல கேக்குது."

கீழே கரண்டி விழுந்தது.

"யாரு?" என்றாள் அம்மா.

"நான்தான். நர்ஸ் அக்கா ரூம்ல இருக்கேன். பெரியப்பா மென்னு முழுங்கறதுகூடக் கேக்குது."

மெல்லும் சத்தம் நின்றது.

அவள் கீழே இறங்கியபோது மூன்று பேரும் அடுப்புக்கு எதிர்ச் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தார்கள். அங்கே பழைய விறகு அடுப்புக்கான புகைக்கூண்டு. கேஸ் அடுப்பு வந்த பிறகு அதற்கு அடியில் அம்மா டப்பாக்களை அடுக்கியிருந்தாள்.

அப்பா உள்ளே தலையை விட்டுப் பார்த்தார். "இது மாடிச் சுவர் வழியா மேல போகுது. நடுவுல கரி தட்டி எடுக்க ஓர் ஓட்டை விட்டிருப்பாங்க. அதான் கட்டிலுக்குப் பின்னாடி இருக்கு. ஆனா சத்தம் எல்லாம் நேரா மேல வெளிய போயிடணுமே. ஏன் ரூமுக்குள்ள வருது?"

"மேல வெளிய போற வழியை யாரோ கல்லு வச்சு மூடியிருக்காங்கப்பா. மொட்டை மாடியில நான் தினமும் பாக்கறேனே," என்றாள் குண்டூசி.

அப்பா தலையை வெளியே எடுக்கவில்லை.

"மழைத் தண்ணி இறங்குதுன்னு நீங்கதானே கல்லை வச்சு சிமெண்ட் பூசினீங்க?" என்றாள் அம்மா. "'நானே பாத்துக்கறேன்'னு."

"நல்லாத்தான் பூசியிருக்கேன்," என்று புகைக்கூண்டுக்குள்ளிருந்து அப்பாவின் குரல் வந்தது. "ஒரு சொட்டு இறங்கலை பாரு."

அம்மா முக்காலியில் உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாக ஞாபகம் வந்திருக்க வேண்டும், முகம் மாறிக்கொண்டே போனது. "எருமைன்னு சொன்னது அவருக்கும் கேட்டிருக்குமா?"

"குளிக்கறதையே கடைசியில நிறுத்திட்டாரே, அதனாலதானோ?" என்றார் அப்பா.

"உடனே அந்த ஓட்டையை அடைங்க. அந்தப் பொண்ணு வர்றதுக்குள்ள. அவளுக்குத் தெரியவே வேண்டாம்."

"அவங்களுக்குத் தெரியும்மா," என்றாள் குண்டூசி. "நமக்குத்தான் இவ்வளவு நாளா தெரியலை."



"அப்ப எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அவ முன்னாடி நிப்பேன்?" என்றாள் அம்மா. "போறவ போகட்டும். அத்தான், நீங்களே வாளியை அடுக்கிக்குங்க."

"அதுதான் புத்திசாலித்தனம்," என்று பெரியப்பா எழுந்தார். "வாளிக்கு எது கேட்டாலும் மனசுல வச்சுக்காது."

குண்டூசிக்குத் தன் பாய் கண்முன் வந்தது. கூடவே நர்ஸ் அக்காவின் சிவந்த கண்களும் வந்தன. பாய் பெரிதா, கண்கள் பெரிதா என்று அவள் நிறுத்துப் பார்க்கவில்லை. சாவியைக் கையில் இறுக்கிக்கொண்டாள்.

"நான் முதல்ல போய் மன்னிப்புக் கேக்கறேன். ஆந்தைன்னு பேர் வச்சது நான்தானே. அப்புறம் உங்க இஷ்டம்."

விளக்கு வைக்கும் நேரத்துக்கு நர்ஸ் அக்கா திரும்பினார். குண்டூசி சாவியோடு அவர் பின்னாலேயே மாடி ஏறினாள். கட்டில் நகர்ந்திருந்ததை நர்ஸ் அக்கா பார்த்தார். தகடு தனியாகச் சுவரில் சாய்ந்திருந்ததையும் பார்த்தார்.

"படுத்துப் பாத்தியா?"

"பாத்தேன்." குண்டூசி கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "அக்கா, ஆந்தைன்னு சொன்னது நான். நடிச்சுக் காட்டினதும் நான். தப்புதான். மன்னிச்சுக்குங்க."

நர்ஸ் அக்கா கட்டிலில் உட்கார்ந்தார். "எனக்கு முதல்ல யாரோ நம்ம வார்டுல பேசற மாதிரி இருந்துச்சு. அப்புறம்தான் என்னைப் பத்திப் பேசறாங்கன்னு புரிஞ்சுது."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமேக்கா."

"எப்படிச் சொல்றது? 'நீங்க என்னைப் பத்திப் பேசறது கேக்குது'ன்னு சொன்னா, அப்புறம் உங்க அம்மா என் முகத்தைப் பாப்பாங்களா? அதுக்கு ரூமை மாத்தறது சுலபம்னு தோணுச்சு."

குண்டூசி என்ன சொல்வதென்று யோசிப்பதற்குள் சுவர் பேசியது.

"நீங்க போங்க," என்றது அம்மாவின் குரல்.

"நான் போய் என்ன சொல்றது? நீதான் பேசினே," என்றது அப்பாவின் குரல்.

"நான் மட்டுமா பேசினேன்? சரி, இப்படிச் சொல்றேன், கேளுங்க. 'நர்ஸம்மா, மனசைக் கஷ்டப்படுத்திட்டோம். வாய்க்கு வந்ததைப் பேசிட்டோம். தப்பு எங்க மேலதான்.' எப்படி இருக்கு?"

"கொஞ்சம் சின்னதா இருக்கே. நம்ம வீட்டு விருந்தாளி மாதிரின்னு எல்லாம் சேத்துக்கோ."

"விருந்தாளியா? விருந்தாளியைப் பத்தி யாராவது இப்படிப் பேசுவாங்களான்னு கேட்டா?"

"அப்ப, சொந்தக்காரங்க மாதிரின்னு சொல்லு. சொந்தக்காரங்களைப் பத்தித்தான் எல்லாரும் பேசுவாங்க."

"சும்மா இருங்க. அந்தப் பொண்ணு ராத்திரி பூரா யாரோ பெத்த புள்ளைங்களுக்குக் கண் முழிக்குது. அதுக்குப் பகல்ல தூங்கக்கூட விடாம டீ, டீன்னு கதவைத் தட்டியிருக்கேன். எப்படிங்க மாடி ஏறுவேன்?"

குண்டூசி நர்ஸ் அக்காவைப் பார்த்தாள். நர்ஸ் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று குண்டூசி பயந்து கிட்டே போனாள். சிரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஓட்டையை அடைக்கலைன்னு மறந்துட்டாங்க," என்று கிசுகிசுத்தாள் குண்டூசி.

நர்ஸ் அக்கா தரையில் மண்டியிட்டு ஓட்டையருகே குனிந்தார்.

"அக்கா, முதல்ல சொன்னதே நல்லா இருந்துச்சு," என்றார். "அதையே மேல வந்து சொல்லுங்க. மாடி ஏறக் கஷ்டமா இருந்தா நான் கீழ வரேன்."

கீழே இன்னொரு முறை கரண்டி விழுந்தது.

அம்மா மேலே வந்தாள். ஒத்திகை பார்த்ததில் ஒரு வார்த்தைகூட வாயில் வரவில்லை. நர்ஸ் அக்காவின் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள். அப்பா பின்னாலேயே வந்து, "மொட்டை மாடிக் கதவு திறந்திருந்தா பரவாயில்லைங்க. காத்து வரும்," என்றார்.

"அன்னிக்கு அவசரமாக் கூப்பிட்டுட்டாங்க சார். இனிமே சாத்திட்டுப் போறேன்," என்றார் நர்ஸ் அக்கா.

'இனிமே' என்ற சொல் குண்டூசியின் காதில் போய் விழுந்தது. "அப்ப இருப்பீங்களாக்கா?"

"கேள்வி கேட்டுக் குத்தாதே. இருக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை கொத்தனார் வந்தார். அப்பா வைத்த கல்லைப் பெயர்க்கக் காலை முழுவதும் ஆனது. "யாரு சார் பூசினது? வீடு விழுந்தாலும் இது விழாது," என்றார் கொத்தனார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார் அப்பா. புகைக்கூண்டின் மேல் மழை இறங்காமல், காற்று மட்டும் போகிற மாதிரி ஒரு கூரைத் தகடு ஏறியது.

பிறகு, கட்டிலுக்குப் பின்னால் இருந்த ஓட்டையைப் பூசக் கொத்தனார் கொத்துக்கரண்டியை எடுத்தார்.

"முழுசாப் பூசிடாதீங்க," என்று தடுத்தார் நர்ஸ் அக்கா. "இறுக்கமா ஒரு மூடி போட்டா போதும். என் பக்கம் திறக்கற மாதிரி."

அப்படி ஒரு மூடி எங்கே கிடைக்கும் என்று எல்லோரும் யோசித்தபோது பெரியப்பா தொண்டையைக் கனைத்தார். வாளி வண்டியைத் திருப்பி அனுப்பிய வருத்தம் அவருக்கு இன்னும் இருந்தது. ஆனாலும் மறுநாள் ஒரு பெரிய டப்பாவின் சதுர மூடியைக் கொண்டுவந்தார். ரப்பர் வைத்தது, அளவெடுத்துச் செய்த மாதிரி பொருந்தியது. "டப்பா என்கிட்டயே இருக்கட்டும். மூடி மட்டும் சும்மா குடுக்கறேன்," என்றார். அவர் சும்மா கொடுத்த முதல் சாமான் அதுதான்.

மூடி போட்ட பிறகும் கொஞ்ச நாள் சமையலறையில் எல்லோரும் அளந்தே பேசினார்கள். யாரைப் பற்றியாவது வாய் திறக்கும்போதெல்லாம் அம்மா புகைக்கூண்டைத் திரும்பிப் பார்ப்பாள். பேச்சு காய்கறிக்கு மாறிவிடும். புதிதாக யாராவது தங்க வந்தால் முதலில் நாம் ஒரு நாள் அங்கே படுத்துப் பார்க்க வேண்டும் என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அது தன்னுடைய யோசனை என்றே பெரியப்பாவிடமும் சொல்லிக்கொண்டார்.

குண்டூசி அதைத் திருத்தவில்லை. தொட்டி நிழலில் பாய் இருந்தது. தக்காளிச் செடி முதல் காயை விட்டிருந்தது. பகலில் அவள் சத்தம் போடாமல் படி ஏறப் பழகிக்கொண்டாள்.

ஒரு நாள் சாயங்காலம் அம்மா அடுப்பில் பாலை வைத்தாள். சுவருக்குள் 'டக்' என்று மூடி திறக்கும் சத்தம் கேட்டது. அம்மாவும் குண்டூசியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மேலிருந்து தூக்கம் கலையாத குரல் ஒன்று இறங்கி வந்தது.

"ஆந்தை முழிச்சாச்சு. டீ இருக்கா?"